ஆறு மாத ஊசியும் வெள்ளிமலைச் சம்பந்தமும்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் என் மகள் திவ்யா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இதுதானாம்மா?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. லுசாகாவில் இருந்த இத்தனை வருடங்களில் இந்த ஊரைப் பற்றி நான் அளந்துவிட்டது அப்படி. கரும்பு லாரிக்குப் பின்னால் ஓடி ஒரு கழியை உருவிக்கொண்டு, லாரிக்காரர் திட்டுவது காதில் விழாத தூரத்துக்கு ஓடிப்போய் நின்று கடித்துத் தின்ற கதையை அவள் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். இப்போதும் கரும்பு லாரிகள் போகின்றன. வலை போட்டு மூடிப் போகின்றன.

நாங்கள் குடியிருந்த வீட்டை விற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த இடத்தில் மாடிக் கட்டடம் ஒன்றில் செல்போன் கடை. நான் பத்தாம் வகுப்புக்குப் படித்த அறை இருந்த உயரத்தில் ஒரு பெண் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் எதிரில் நின்று பார்த்தேன். "சார்ஜர் வேணுமாக்கா?" என்று கேட்டார்கள். நகர்ந்துவிட்டேன்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவரும் ஜாம்பியாவில் லுசாகா நகரத்தில் பள்ளி ஆசிரியர்கள். திவ்யா அங்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்குள்ள இயந்திரங்களைப் பழுதுபார்க்க ஒருநாள் ஒரு பையன் வந்திருக்கிறான். அவன் போனில் யாரிடமோ, "வந்துகினே இருக்கேங்க, இங்க வேல ஜாஸ்தி" என்று சொன்னதைக் கேட்டு இவள், "எங்கம்மாவும் இப்படித்தான் பேசுவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். பெயர் சதீஷ். ஊர் வெள்ளிமலை. இந்தக் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் ஏறினால் வருகிற அதே வெள்ளிமலை. சின்ன வயதிலேயே அப்பா அம்மா இறந்துவிட, அத்தை அஞ்சலைதான் வளர்த்தாராம். அத்தை வெள்ளிமலைக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எங்கேயோ ஆப்பிரிக்காவில் வளர்ந்த பெண், என் ஊர்ப் பேச்சைப் பேசுகிறவனைத் தேடிப் பிடித்திருக்கிறாளே! சதீஷ் லீவு எடுத்துக்கொண்டு முன்னாலேயே மலைக்குப் போய்விட்டான். என் கணவருக்குப் பள்ளியில் பரீட்சை நேரம். "நீ போய்ப் பாரு. நீ கை நனைச்சா எனக்கும் சம்மதம்" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், காப்பியும் தவறில்லை. சோறு மட்டும் கூடாது. சம்மதம் என்றால்தான் இலையில் கை வைப்பார்கள். அதற்குப் பெயர்தான் கை நனைப்பது. சம்மதம் இல்லையா, "நேரமாச்சுங்க, பஸ்ஸப் புடிக்கணும்" என்று எழுந்துவிடலாம். வேண்டாம் என்று வாயால் சொல்கிற சங்கடமே இல்லாமல் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை. கீழே ஓட்டலில் கல்தோசையும் தக்காளிச் சட்டினியும் சாப்பிட்டோம். லுசாகாவில் நான் அரிசியை ஊறவைத்து, அரைத்து, குளிர்காலமானால் புளிக்கவைக்க மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றிவைத்து என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன். இந்தக் கல்தோசை ஒருநாளும் வந்ததில்லை. மூன்றாவதை நான் கேட்டபோது திவ்யா என்னைச் சிரிப்போடு பார்த்தாள். அந்தப் பயணத்தில் நான் கவலையில்லாமல் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

அறைக்கு வந்ததும் அவள் அசதியில் தூங்கிப்போனாள். மத்தியான வெயிலில் மின்விசிறி சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. அவள் புரண்டு படுத்தபோது சட்டை மேலே ஏறியது. வயிற்றில், தொப்புளுக்கு இரண்டு பக்கமும், தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஏதோ தெரிந்தது. மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். கட்டி. இரண்டு பக்கமும்.

என் அம்மாவுக்கும் ஒரு சின்னக் கட்டியில்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அம்மா அதிக நாள் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் எந்த வீக்கத்துக்கும் முதல் வைத்தியம் ஒத்தடம். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து வைத்து, கரைகிறவரை தேய்த்துவிடுவது. ஓட்டலுக்கு இறங்கிப்போய் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிவந்தேன். துண்டை நனைத்து அவள் வயிற்றில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அலறிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, தேய்க்காதம்மா! மருந்தே அங்கதான் இருக்குது!"

"மருந்தா? இன்னாடி மருந்து?"

அவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மலைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லணும்னுதான் இருந்தேன். சதீஷுக்கு எச்.ஐ.வி. இருக்குதும்மா. பொறந்ததுல இருந்தே. அது எனக்கு வராம இருக்கறதுக்குப் போட்டுகினு இருக்கற ஊசி இது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ. ஊசி போட்ட எடத்துல இப்படிக் கட்டி மாதிரி இருக்கும், தானா கரையும்."

நான் துண்டைப் பிழிந்தேன். மறுபடியும் நனைத்தேன். மறுபடியும் பிழிந்தேன்.

அவளுக்கும் பயம் வந்திருக்க வேண்டும். லுசாகாவில் ஊசி போட்ட நர்ஸைப் போனில் கூப்பிட்டு, நான் செய்ததைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது. அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "ஒரு தடவை வெந்நீர்த் துணி வைத்ததால் மருந்து ஓடிப்போகாது. இனிமேல் தேய்க்காதே, அமுக்காதே, எதையும் பூசாதே. அம்மாவிடம் சொல்லாமல் போட்டால் இப்படித்தான் நடக்கும். முதலில் அம்மாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடு."

தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, பழம் வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

துருகம் சாலையில் நடந்தேன். நான் பாவாடை சட்டையில் திரிந்த சாலை. என் சின்ன வயதில் இந்தச் சாலையோரம் ஒரு டீக்கடை இருந்தது. எங்கள் தெருவில் ஒரு லாரி டிரைவர் இருந்தார், பம்பாய்க்கெல்லாம் ஓட்டியவர். ஒவ்வொரு தடவை வரும்போதும் தெருப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவருவார். கடைசியில் இளைத்துத் துரும்பாகித் திரும்பிவந்தார். அந்த நோய்தான் என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் அவர் குடித்துவிட்டு வைத்த கிளாஸை டீக்கடைக்காரர் குச்சியால் தள்ளிக் கீழே போட்டு உடைத்தார். டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்தேன். கிளாஸில் தொற்றுகிற நோய் இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பயம் படிப்புக்கு முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

வழியில் வாங்கிய தாம்பாளம் என் கையில் இருந்தது. பழக்கடை பாய் அதைப் பார்த்ததுமே கேட்டார். "நிச்சயமாம்மா? அஞ்சு வகையா, மூணு வகையா?"

"இன்னும் முடிவாகலங்க."

"அப்ப மூணு போடறேன். முடிவாச்சுன்னா திரும்பி வந்து ரெண்டு வாங்கிக்கங்க. ஆவலன்னா உங்களுக்கு ரெண்டு வகை மிச்சம், பழமும் வூட்லயே தின்னுக்கலாம்." ஆப்பிளைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "மூஞ்சி ஏன்மா இப்படி இருக்குது? பொண்ணு வூடா?"

"ஆமாங்க."

"அதான்" என்று ஒரு கொய்யாவைக் கூட வைத்தார்.

மறுநாள் மலைக்குப் போவதாக இருந்தோம். நான் எழுந்திருக்கவில்லை. தலைவலி என்றேன். திவ்யா வாதாடவில்லை. "மல எங்கயும் போயிடாது. நீ ஸ்கூல்ல டூர் போன டேமக் காட்டு, வா" என்றாள்.

கச்சிராயபாளையம் பேருந்தில் ஏறி, கோமுகி அணைக்குப் போனோம். பேருந்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி, "எம் மருமவ போனப் பாத்துகினே கொழம்பு வெக்கறாடி" என்றாள். மற்றவள், "நல்லா இருக்குதா?" என்று கேட்டாள். "அதான் எரிச்சலா இருக்குது, நல்லா இருக்குது." திவ்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வரும் என்று நினைக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் புளிச்சோற்றுத் தூக்கோடு இந்தக் கரையில் வரிசையாக நடந்தோம். அன்றைக்கு அணை கடல் மாதிரி இருந்தது. ஜாம்பியாவின் பெரிய கரீபா ஏரியைப் பார்த்த கண்ணுக்கு இப்போது குளமாகத் தெரிந்தது. ஆனால் பின்னால் மலை அதே மலை. வறுத்த மீன் வாங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்தோம். லுசாகாவில் மீனோடு ஷீமா தருவார்கள்; மக்காச்சோளக் களி. திவ்யாவுக்கு அது இல்லாமல் மீன் இறங்காது. முள்ளை எடுத்துவைத்துக்கொண்டே, "கேளும்மா. உள்ளயே வெச்சிகினு இருக்காத" என்றாள்.

"தடுப்பூசின்னு சொல்லேன். கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

"தடுப்பூசி இல்லம்மா. அது ஒடம்புக்குச் சண்ட போடச் சொல்லித் தரும். அப்புறம் ஒடம்பே ஞாபகம் வெச்சிக்கும். இது எதையும் சொல்லித் தராது. மருந்தே காவலுக்கு நிக்கும். அது இருக்கற வரைக்கும்தான் காவல்."

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன். அந்தக் கிருமிக்குத் தனியாகப் பெருகத் தெரியாது. ரத்தத்தில் இருக்கிற ஒரு உயிரணுவுக்குள் புகுந்து, அதன் நடுவில் இருக்கிற கருவுக்குள் போய், தன்னுடைய செய்தியை அங்கே செருக வேண்டும். அப்புறம் அந்த உயிரணு தன் வேலையை விட்டுவிட்டுக் கிருமி செய்ய ஆரம்பித்துவிடும். அந்தச் செய்தியைக் கிருமி ஒரு கூட்டுக்குள் வைத்துச் சுமந்துவருகிறது. நிறையத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்திய புரதக் கூடு. அது வழியில் உடையவும் கூடாது. சேர வேண்டிய இடத்தில் திறக்காமல் இருக்கவும் கூடாது. திவ்யா போட்டிருக்கிற லெனகாபவிர் என்கிற மருந்து அந்தத் துண்டுகள் பொருந்துகிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கூடு விறைத்துப் போகிறது. கருவின் வாசலுக்குள் நுழைய முடிவதில்லை. அதையும் மீறிப் புதுக் கிருமி உண்டானால், அதன் கூடு கோணல்மாணலாக அமைகிறது. அது போய் வேறு உயிரணுவைப் பிடிக்க முடியாது. நுழையும்போது ஒரு தடை, பிறக்கும்போது ஒரு தடை.

"சரி, ஒரு ஊசி எப்படிடி ஆறு மாசம் தாங்கும்? தலவலி மாத்திரையே சாயங்காலம் வரைக்கும் தாங்கறதில்ல."

அவள் எண்ணெய்க் கையால் மதகைக் காட்டினாள். "அது மாதிரிதான். இந்த மருந்து தண்ணியில சுலபமா கரையாது. தோலுக்கு அடியில போட்டா அங்கயே தங்கிடும். நீ தேய்ச்சியே, அதுதான் டேம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்குக் கசியும். ஒடம்பும் அதச் சீக்கிரத்துல அழிக்காது. ரொம்பக் கம்மியா இருந்தாலே வேலை செய்யும். மொத ஊசி போட்ட அன்னிக்கும் மறுநாளும் மாத்திரையும் குடுத்தாங்க."

"ஊசி போட்டாச்சே, மாத்திரை எதுக்கு?"

"வாய்க்கால் காஞ்சி கெடக்குது. மதகத் தொறந்த ஒடனே கடசி வயலுக்குத் தண்ணி போயிடுமா?"

விவசாயம் பார்த்தே இராத பெண். நான் சொன்ன கதைகளிலிருந்துதான் இதை எடுத்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. "டேம் காஞ்சிபோனா?" என்று கேட்டேன்.

"அதுதான் சரியான கேள்வி." அவள் குரல் தணிந்தது. "திடீர்னு நிக்காது. மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாக் கம்மியாவும். அந்த நேரந்தான் மோசம். மருந்து இருக்கும், ஆனா பத்தாது. அப்ப கிருமி வந்து தொத்திகினா, அந்த மருந்துக்கே பழகிடும். அப்புறம் அந்த மருந்து அதுகிட்ட பலிக்காது. அதனால ஊசி போடற நாளத் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்தறதுன்னா அதுக்கு பதிலா வேற மாத்திரையத் தெனம் போட்டுக்கணும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி ரத்தத்த டெஸ்ட் பண்ணுவாங்க."

"மறந்துட்டா?"

"நீ இருக்கறப்ப நான் மறக்க முடியுமா? காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஞாபகப்படுத்த மாட்ட?"

அது உண்மைதான். ஆனால் முக்கியமான கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை. "அந்தப் பையன்?"

"தெனம் மாத்திர போடறாரு. டெஸ்ட்டுல கிருமி தெரியாத அளவுக்குக் கம்மியா இருக்குது. அப்படியே தொடர்ந்து இருக்கறவங்ககிட்ட இருந்து கூட வாழறவங்களுக்கு வராதும்மா. இது நல்லாத் தெரிஞ்ச விஷயம்."

"வராதுன்னா நீ எதுக்கு வயித்துல குத்திக்கற?"

"டாக்டரும் அதத்தான் கேட்டாங்க. அவரு மாத்திர அவரு கையில. இது என் கையில. எனக்கு ரெண்டும் வேணும்." கடைசி முள்ளை எடுத்துவைத்தாள். "அப்புறம், உனக்காகவும்தான். அவரு ஒழுங்கா மாத்திர சாப்டறாருன்னு சொன்னா உனக்குத் தூக்கம் வருமா?"

"வராது."

"ஊசி போட்டிருக்கேன்னா?"

"அப்பவும் வராது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். மீன் விற்ற பெண் இன்னொரு துண்டு மீனை எங்கள் தாளில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள்.

அங்கிருந்தே கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "பையன் நம்ம பொண்ணுகிட்ட எப்ப சொன்னான்?" என்று கேட்டார். திவ்யாவிடம் போனைக் கொடுத்தேன். "நான் அவரப் புடிச்சிருக்குதுன்னு சொன்ன அன்னிக்கேப்பா. பதில் சொல்றதுக்கு முன்னாடி இதத்தான் சொன்னாரு." போன் திரும்ப என்னிடம் வந்தது. "நான் முன்ன சொன்னதுதான். நீ போய்ப் பாரு" என்றார். மனசு மாறியிருப்பார், 'திரும்பி வந்துடுங்க' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினோம். கல்யாணப் பேச்சுக்குப் போகிறவர்கள் வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் ஓட்டலில் இட்லியைத் திவ்யா தட்டுக்குத் தள்ளிவிட்டுக் காப்பியோடு எழுந்துவிட்டேன். மலையடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "யாரும் பயப்படாதீங்க, எறங்கிக்கங்க. வண்டிக்குத்தான் மூச்சு வாங்குது" என்றார். ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டிக்கெட்டு வாங்கறப்ப அதுக்கு மூச்சு நல்லா இருந்துச்சேப்பா" என்றார்.

சாலையோரம் நின்றோம். குளிர்ந்த காற்று. கீழே அணையும் கரும்பு வயல்களும் தெரிந்தன. இந்த மலையைக் கீழே இருந்து பார்த்தே வளர்ந்தவள் நான். மழை வருமா என்று தெரிய எங்கள் மொட்டைமாடியிலிருந்து இந்தப் பக்கம்தான் பார்ப்போம். மேலே இருந்து என் ஊரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கடுக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வந்து நின்றது. டிரைவர் எங்கள் பழத் தட்டைப் பார்த்தார். "மூட்ட மேலயே குந்திக்கங்கக்கா. யார் வூட்டுக்கு?"

"சாப்பாட்டுக் கடை அஞ்சலை வீட்டுக்குங்க."

"ஓ, சதீஷு வூடா! அப்ப ஒண்ணு கேட்டுக்கறேன், கோச்சிக்காதீங்க. திரும்பறப்ப கை நனைச்சிட்டு வருவீங்களா, சும்மா வருவீங்களா?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"சும்மா வந்தா பசியோட வருவீங்க. கீழ ஓட்டலாண்ட நிறுத்தணும். போன ரெண்டு தடவையும் வந்தவங்கள நான்தான் எறக்கினு போனேன். பாவம், சின்னப் பசங்கல்லாம் அழுவுது."

திவ்யா என் கையைப் பிடித்தாள். நானும் விடவில்லை.

வெள்ளிமலையில் கடைத்தெரு முடிகிற இடத்தில் அந்த வீடு. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வாசலில் சதீஷ் நின்றிருந்தான். நான் போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. திவ்யா அவனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கு அதிலேயே புரிந்திருக்க வேண்டும். தட்டை வாங்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். நான் கொடுப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாத ஒரு நொடி. தட்டை அவன் கையில் கொடுத்தேன்.

அஞ்சலை வந்தார். என் வயதுதான் இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். "வாங்க, குந்துங்க" என்று பெஞ்சைக் காட்டினார். சொம்பில் தண்ணீர் வந்தது, குடித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் சமையல் வாசனையே இல்லை. கடையிலும் இல்லை. அடுப்பு துடைத்துவைத்தது மாதிரி இருந்தது. சம்பந்தம் பேச வருகிற நாளில் முதல்நாளே ஆடோ கோழியோ சொல்லிவைப்பார்கள். உரலும் அம்மியும் ஓயாது. இங்கே ஒரு வெங்காயத் தோல்கூடக் கண்ணில் படவில்லை.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "ஆக்கலங்க" என்றார். "கடையையும் இன்னிக்கு மூடிட்டேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

"அத்த" என்றான் சதீஷ்.

"நீ சும்மா இருடா. சொல்லித்தான் ஆவணும்." என் பக்கம் திரும்பினார். "இவன் ஆப்பிரிக்காவுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல இருந்து பொண்ணு குடுக்க வந்தாங்க. மொத தடவ வந்தவங்களுக்கு ஆட்டுக்கறி ஆக்கினேன். எல போட்டாச்சு. இவன் வந்து நின்னு, 'குந்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்'னான். சொன்னான். எழுந்து போயிட்டாங்க. செருப்பக்கூட ஜீப்புல ஏறித்தான் போட்டுகினாங்க. ரெண்டாந்தடவ கோழி. அவங்க கொஞ்சம் மரியாதக்காரங்க, நேரமாச்சுன்னாங்க. அம்மாஞ் சோத்தையும் நான் என்னா பண்றது? மறுநாள் கடையில வித்தேன். வாங்கித் தின்னவன்லாம் இன்னா ருசின்னான். எனக்குத்தான் வயிறு எரிஞ்சிது. அதோட முடிவு பண்ணிட்டேன். சம்மதம்னு மொதல்ல சொல்லட்டும், அப்புறம் ஒலை வெப்பேன்."

திவ்யா குனிந்துகொண்டாள். சதீஷ் என் எதிரில் வந்து நின்றான். "ஊசிய நான் போடச் சொல்லலங்க" என்றான். "வேணாம்னுதான் சொன்னேன். என் மாத்திரையே போதும்னு டாக்டருங்க சொல்றாங்க. எம் மேல நம்பிக்க இல்லியான்னு கேட்டு, ஒரு வாரம் பேசாமகூட இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் புரிஞ்சிதுங்க. அவங்க ஒடம்புக்கு அவங்கதானே முடிவு பண்ணணும்."

அஞ்சலை குறுக்கிட்டார். "மாத்திரையப் பத்தி நான் சொல்றேன். இவன் சின்னப் பையனா இருக்கறப்ப எடுத்துகினு கள்ளக்குறிச்சிக்கு எறங்குவேன், பெரியாஸ்பத்திரிக்கு. மழையில பஸ்ஸு வராதுன்னா முந்தின நாளே போயி பஸ் ஸ்டாண்டுல படுத்துப்போம். ஒருநாள்கூட மாத்திரையத் தவற விட்டதில்ல. கசப்புன்னு துப்புவான். வெல்லத்துல வெச்சிக் குடுப்பேன். இப்ப பாருங்க, ஆப்பிரிக்காவுல இருந்துகினு எனக்குப் போன் பண்ணி, 'அத்த, நீ பிரஷர் மாத்திர போட்டியா'ன்றான்."

என்னிடம் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இத்தனை பேர் முன்னால் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டேன். "கொழந்த?"

சதீஷுக்கு முகம் சிவந்தது. திவ்யாதான் பதில் சொன்னாள். "பொறக்கும்மா. அதுக்கும் எதுவும் வராம, நல்லாவே பொறக்கும். அவரு மாத்திரையில ஒழுங்கா இருக்கார், நான் டாக்டர்கிட்டப் பாத்துக்கறேன். அவ்ளோதான்."

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் போகவில்லை. இந்த ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் ஒவ்வொரு வாரமும் நான் எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். விமானம் தாமதம், மருந்து தட்டுப்பாடு, காய்ச்சல் என்று ஏதாவது ஒன்றை நினைத்துப் பயப்படுவேன். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. என் பெண்ணுக்கு வர இருக்கிற எத்தனையோ ஆபத்துகளில், பெயரும் வழியும் காவலும் தெரிந்தது இது ஒன்றுதான். எழுந்து போய்விடுவதற்கான வார்த்தை என்னிடம் தயாராக இருந்தது. 'நேரமாச்சுங்க.' ஜீப்பும் வெளியில்தான் நின்றது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குதுங்க. காலையிலயும் சாப்பிடல" என்றேன். "உலை வைங்க."

அஞ்சலை என்னையே பார்த்தார். திவ்யாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "சாமையா, அரிசியா?"

"எது சீக்கிரம் வேகும்?"

"சாமதான்."

"அப்ப சாமை."

அவர் உள்ளே போனார். பாத்திரங்கள் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம். "டேய், நாட்டுக்கோழி கெடைக்குதா பாருடா, ஓடு!" என்று கத்தினார். சதீஷ் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். டிரைவர் ஜீப்பிலிருந்து இறங்கி, "அப்ப எனக்கும் ஒரு எல போடுக்கா" என்று வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

கோழி கிடைக்கவில்லை. முட்டையும் கருவாடும்தான் கிடைத்தன. கருவாட்டுக் குழம்பு, முட்டைப் பொரியல், ஆவி பறக்கும் சாமைச் சோறு. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தவன் சதீஷ். அஞ்சலை எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தேன். சூடு, கண்ணில் நீர் வந்தது. இரண்டாவதையும் வைத்தேன்.

"உப்பு சரியா இருக்குதா, சம்பந்தி?" என்றார்.

"கொஞ்சம் கம்மி" என்றேன்.

"வந்த மொத நாளே குத்தமா?" என்று அவர் எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.